கட்டிங் மேசையில் ஒரு செயற்கைக்கோள்

"அது விழலைம்மா."

"விழலையா? அப்போ என் கூரையில இருக்கிற ஓட்டை என்ன, காத்து வரட்டும்னு நானே போட்டதா?"

"நீங்க போட்டிருந்தா அது நகராட்சி பாத்துக்க வேண்டிய விஷயம். எங்களுக்குச் சம்பந்தமில்லை."

"சார், உங்க சாமான் என் கட்டிங் மேசை மேல விழுந்து கிடக்கு. அதுல உங்க முத்திரை இருக்கு, நம்பர் இருக்கு."

"விழுந்து கிடக்குன்னு நீங்க சொல்றீங்க. பதிவேடு சொல்லலையே."

"எப்படிச் சொன்னா எடுத்துட்டுப் போவீங்க? அதைச் சொல்லுங்க, அப்படியே சொல்லிட்டுப் போறேன்."

எதிர் வீட்டு மூன்றாம் மாடித் தையல்காரியின் குரல் சாதாரணமாக அவளுடைய தையல் மிஷினின் சத்தத்தைத் தாண்டாது. அன்றைக்குச் சுற்றுப்பாதைப் பராமரிப்பு அலுவலகத்தின் கடைசி அறை வரை போய்விட்டுத் திரும்பி வந்தது. நான் துணைக்குப் போயிருந்தேன். ஒரு பெண்பிள்ளை தனியாக அரசாங்க ஆபீசுக்குப் போகும்போது பக்கத்தில் ஒருத்தி இருக்க வேண்டும். என்ன நடந்தது என்று தெருவில் நாளைக்கு யாராவது கேட்டால் சரியாகச் சொல்லவும் ஓர் ஆள் வேண்டும்.

நடந்தது இதுதான். முந்தின நாள் மத்தியானம் தையல்காரி என் வீட்டுக்கு வந்திருந்தாள். தைக்கக் கொடுத்த ரவிக்கைக்கு மறுபடி அளவெடுக்க வேண்டுமாம். என் இடுப்பு இரண்டு அங்குலம் கூடியிருக்கிறதாம். டேப்பில்தான் கோளாறு என்று நான் சொன்னேன். டேப்புக்கு யார் மேலும் பொறாமை கிடையாது என்று அவள் சொன்னாள். பேச்சு இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது எதிரே தகரம் கிழிகிற சத்தம் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தோம். அவளுடைய தகரக் கூரையில் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை. கீழே, தேக்குக் கட்டிங் மேசையில், அடுக்கி வைத்திருந்த பள்ளிச் சீருடைத் துணிகளின் நடுவே, கருகின பூசணிக்காய் மாதிரி ஓர் உலோக உருண்டை உட்கார்ந்திருந்தது. துணி மெத்தை போல் தாங்கியதால் மேசை உடையவில்லை. என் இடுப்பு பழைய அளவிலேயே இருந்திருந்தால் தையல்காரி அந்த நேரத்தில் அந்த மேசையில்தான் குனிந்திருப்பாள். இதை நான் அவளுக்கு அடிக்கடி ஞாபகப்படுத்துவதுண்டு.

உருண்டை யாருடையது என்று தேட வேண்டியிருக்கவில்லை. முத்திரை பளிச்சென்று இருந்தது. எங்கள் தெருவின் கிழக்குக் கோடியில், நானூறு மீட்டர் தள்ளி, மாடியில்லாத மஞ்சள் கட்டடத்தில் அந்த அலுவலகத்தின் கிளை இருக்கிறது. வானத்தில் சுற்றுகிறவற்றைப் பதிவேட்டில் எழுதி வைத்துப் பராமரிப்பது அவர்களுடைய வேலை. மூன்று பேர் இருக்கிறார்கள்: உள்ளறையில் கிளை இயக்குநர், வெளியறையில் பதிவேட்டு அதிகாரி, வாசலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் அளவர். அளவருக்கு அதுவரை அளக்க ஒன்றும் வந்ததில்லை. பதினோரு வருடமாக அந்த ஸ்டூலைத்தான் அளந்துகொண்டிருந்தார் என்று தெருவில் பேச்சு.

பதிவேட்டு அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அம்மா, நீங்க படிச்சவங்க மாதிரி தெரியுது. நிதானமாக் கேளுங்க. சுத்துறதுன்னா என்னன்னு நினைக்கிறீங்க? அதுவும் விழுறதுதான். ஒரு கல்லை எறிஞ்சா கொஞ்ச தூரம் போய் விழும். வேகமா எறிஞ்சா இன்னும் தூரம் போய் விழும். ரொம்ப ரொம்ப வேகமா எறிஞ்சீங்கன்னா, கல்லு கீழ இறங்க இறங்க, பூமி உருண்டைங்கிறதால தரையும் கீழ வளைஞ்சு விலகிப் போயிட்டே இருக்கும். கல்லு விழுந்துகிட்டே இருக்கும், தரை மட்டும் கிட்ட வராது. அதுதான் சுற்றுப்பாதை. ஆக, எங்க செயற்கைக்கோள் எல்லாமே எப்பவும் விழுந்துகிட்டேதான் இருக்கு. விழுறது குத்தமில்லை. தரையில படுறதுதான் குத்தம்."

"என் வீட்டுல பட்டுடுச்சே சார்."

"எதுல பட்டுச்சு?"

"மேசையில."

"பாத்தீங்களா," என்று அவர் பதிவேட்டை எங்கள் பக்கம் திருப்பினார். "மேசை தரை இல்லை. அதுவும் மூணாவது மாடியில இருக்கிற மேசை. அது இன்னும் தரைக்கு மேலதான் இருக்கு. தரைக்கு மேல இருக்கிற எதுவும் விழுந்ததா எங்க கணக்கில்லை. தவிர, இதுல பாருங்க, 'ஏவிய தேதி'ன்னு ஒரு கலம் இருக்கு, 'சுற்றும் பாதை'ன்னு ஒரு கலம் இருக்கு. விழுந்த தேதிக்குக் கலமே கிடையாது. இல்லாத கலத்துல நான் எப்படிம்மா எழுதுறது?"

"ஒரு கோடு போட்டுக்கிட்டா கலம் ஆயிடுமே."

அவர் அவளைப் பார்த்த பார்வையில், கோடு போடுவதற்கு எத்தனை பேரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது தெரிந்தது.

தையல்காரிக்குக் கவலை இல்லாமல் இல்லை. இருநூற்றைம்பது சீருடை, பள்ளி திறக்க இரண்டரை மாதம். அவளிடம் இருப்பதே அந்த ஒரு மேசை. போன வருடம் இன்னொரு தையல்காரர் நாலு நாள் தாமதமாகக் கொடுத்ததற்கு அவருக்கு அந்தப் பள்ளி வாசலே மூடிவிட்டது என்பது அவளுக்குத் தெரியும். அந்த வேலைதான் இவளுக்கு வந்தது. மழையும் கிட்டத்தட்ட அதே சமயத்தில் ஆரம்பித்துவிடும். மேலே ஓட்டை, கீழே துணி.

"சரி சார், விழலைன்னே வெச்சுக்கோங்க. எடுத்துட்டாவது போங்க."

"சுத்திக்கிட்டிருக்கிற கோளை எப்படிம்மா எடுக்கிறது? ஆள் தொடக்கூடாது. விதி நாலு."

"அது சுத்தலையே. அசையாம உக்காந்திருக்கு."

இதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று எனக்கு உடனே தோன்றியது. பதிவேட்டு அதிகாரியின் முகத்தில் பதினோரு வருடத்தில் முதல்முறையாக ஒரு வெளிச்சம் வந்தது.

"அசையாம, ஒரே இடத்துக்கு மேல இருக்கா?"

"ஆமா."

"பூமி சுத்தும்போது அதுவும் கூடவே சுத்துதில்லையா? ஒரு நாளைக்கு ஒரு சுத்து?"

"பூமி சுத்துனா எங்க வீடே சுத்துமே சார், அது மட்டும் எங்க போகும்?"

"அப்போ அது புவிநிலைக் கோள்," என்று அவர் பேனாவைத் திறந்தார். "பூமியோட சேர்ந்து சுத்தி, பாக்கிறவங்களுக்கு ஒரே இடத்துல நிக்கிற மாதிரி தெரியும். ரொம்ப உயர்ந்த வகை. முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்துல இருக்கணும்." எழுதினார். பிறகு 'குறிப்பு' என்ற கலத்தில் சிறிய எழுத்தில் சேர்த்தார்: உயரம் சற்றுக் குறைவு.

*

மறுநாள் காலை சரியாகப் பத்து மணிக்கு அளவர் மாடியேறி வந்தார். தோளில் தோல்பை, பையில் எஃகு டேப், கையில் பதிவுத்தாள். ஒல்லியான மனிதர், வயது நாற்பத்திரண்டு இருக்கும். மனைவி கிடையாது, இருந்ததும் கிடையாது. இதை நான் அவரிடம் கேட்கவில்லை. அவருடைய சட்டைப் பொத்தான்கள் மூன்று நிறத்தில் இருந்தன.

"தினமும் உயரம் அளக்கணும்மா. ஒரு சுத்துக்கு ஒரு தடவை."

"அளங்க. எனக்கு இந்த மேசை எப்போ கிடைக்கும்?"

"அது எனக்குத் தெரியாதும்மா. நான் அளவு மட்டும்தான்."

அவர் ஜன்னல் வழியாக டேப்பைக் கீழே தெருவரை விட்டார். கீழே சைக்கிள் கடைக்காரர் அதன் நுனியைப் பிடித்துக்கொண்டு, "என்னய்யா, மீன் பிடிக்கிறீங்களா?" என்றார். முப்பத்தோரு அடி என்று அளவர் எழுதிக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ஒரு தடை வந்தது. கோளுக்குப் பக்கத்தில் சூடு கூடாது என்று இஸ்திரிப் பெட்டியை நிறுத்தினார்கள். அதிர்வு கூடாது என்று தையல் மிஷினைச் சமையலறைக்கு மாற்றச் சொன்னார்கள். அவள் அடுப்புக்கும் தொட்டிக்கும் நடுவில் மிஷினைப் போட்டு, தரையில் மண்டியிட்டுத் துணி வெட்டினாள். மூன்றாம் வாரம் கூரைக்குத் தகரம் வாங்கி வந்தபோது பதிவேட்டு அதிகாரியே நேரில் வந்துவிட்டார்.

"ஓட்டையை மூடக் கூடாதும்மா. விதி பன்னிரண்டு. கோளுக்கும் வானத்துக்கும் நடுவுல எந்தத் தடையும் இருக்கக் கூடாது. தகவல் தொடர்பு பாதிக்கும்."

"அது யாரோட தொடர்பு வெச்சிருக்கு சார்? என்னோட கூடப் பேசலையே."

"பேசினா எங்களுக்குத் தெரிவிக்கணும்," என்றார் அவர்.

வாசலில் ஒரு பலகையும் மாட்டினார்கள். 'சுற்றுப்பாதை. மெதுவாகச் செல்லவும்.'

இதற்கிடையில் நான் ஒன்றைக் கவனித்தேன். நான் யாரையும் வேவு பார்க்கிறவள் இல்லை. என் ஜன்னல் அந்தப் பக்கம் இருக்கிறது, அவ்வளவுதான். முதல் நாள் பத்து மணிக்கு வந்த அளவர், இரண்டாம் வாரக் கடைசியில் ஒன்பது மணிக்கு வந்துகொண்டிருந்தார். ஒரு மாதம் ஆனபோது எட்டு மணி. தையல்காரியிடம் கேட்டேன்.

"அவர் நேரத்தை மாத்தலை அக்கா. கோளோட ஒரு சுத்து இருபத்து நாலு மணி நேரம் இல்லையாம். இருபத்து மூணு மணி ஐம்பத்தாறு நிமிஷமாம். பூமி தன்னைத்தானே ஒரு சுத்து சுத்துறதுக்கு அவ்வளவுதானாம். அது சூரியனைச் சுத்தியும் நகர்றதால, சூரியன் பழைய இடத்துக்கு வர இன்னொரு நாலு நிமிஷம் ஆகுதாம். அதனால இவர் தினமும் நாலு நிமிஷம் முன்னாடி வரணும். விதி ஏழு."

நான் விரல் விட்டு எண்ணினேன். பதினைந்து நாளைக்கு ஒரு மணி நேரம். இன்னும் ஒரு மாதத்தில் ஆறு மணிக்கு வருவார். அதற்கப்புறம் ஐந்து, நாலு.

"ஏண்டி, மூணு மாசம் போனா நடுராத்திரி ரெண்டு மணிக்கு வருவாரே?"

"விதி அக்கா," என்றாள் அவள். கவலைப்படுகிற குரலாக அது எனக்குத் தோன்றவில்லை.

எட்டு மணிக்கு வருகிற மனிதரைக் காலைச் சாப்பாடு கேட்காமல் எப்படி அனுப்புவது? கேட்டாள். அவர் மறுத்தார். மறுநாள் மறுக்கவில்லை. அடுத்த வாரம் அவருடைய சட்டைப் பொத்தான்கள் எல்லாம் ஒரே நிறத்துக்கு வந்துவிட்டன.

ஒருநாள் அவருடைய எஃகு டேப் அறுந்துபோனது. தையல்காரி தன்னுடைய துணி டேப்புகள் ஏழையும் நுனிக்கு நுனி சேர்த்துக் கொடுத்தாள். அளந்தார்கள். முப்பத்தோரு அடி, அரை அங்குலம்.

"உங்க டேப் கொக்கி வளைஞ்சிருந்துச்சு. இத்தனை நாளா அரை அங்குலம் குறைச்சுத்தான் எழுதியிருக்கீங்க," என்றாள்.

"உங்க டேப் நீண்டு போயிருக்கும்."

"என் டேப் எதிர் வீட்டு அக்கா இடுப்பையே தாங்கிடுச்சு. அது நீளாது."

இதை அவளே என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னாள். பரவாயில்லை. விஷயம் அதுவல்ல. பழைய அளவைத் திருத்த வேண்டுமென்றால் முப்பத்தைந்து நாள் தாளையும் திருத்த வேண்டும். அளவர் பயந்துபோய், வந்த அளவை வந்தபடியே எழுதிக் கொடுத்துவிட்டார். பதிவேட்டு அதிகாரி அதை இரண்டு முறை படித்தார். மூன்றாவது முறை எழுந்து நின்றுகொண்டு படித்தார்.

கோள் அரை அங்குலம் உயர்ந்திருக்கிறது.

*

இயக்குநர் வந்த நாளை எங்கள் தெரு மறக்காது. நானூறு மீட்டரையும் காரில் வந்தார். பலகையில் 'மெதுவாகச் செல்லவும்' என்று இருந்ததால் கார் நடையை விட மெதுவாக வந்தது. பின்னால் நடந்து வந்த பதிவேட்டு அதிகாரி இரண்டு முறை நின்று காத்திருக்க வேண்டியிருந்தது. தையல்காரியின் அறையில் நாற்காலி போட இடமில்லை. நாங்கள் எல்லாரும் சீருடை மூட்டைகளின் மேல் உட்கார்ந்தோம். இயக்குநர் உருண்டைக்குப் பக்கத்தில், ஓட்டைக்கு நேர் கீழே நின்று, தாளை விரித்தார்.

"பெரியோர்களே. நமது அலுவலகத்தின் முப்பது ஆண்டு வரலாற்றில் ஒரு கோள்கூட விழுந்ததில்லை. இந்தப் பெருமை எங்களுக்கு எளிதில் வந்துவிடவில்லை. விழுந்ததாக வந்த புகார்கள் பதினேழையும் நாங்கள் தனித்தனியே, பொறுமையுடன் நிராகரித்திருக்கிறோம். தொடக்க நாளில், விழுந்த தேதிக்கு ஒரு கலம் வேண்டும் என்று ஓர் இளம் அதிகாரி சொன்னார். அப்படி ஒரு கலம் இருந்திருந்தால் இன்று நம் நிலைமை என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அந்த அதிகாரியை அன்றே வேறு துறைக்கு அனுப்பிவிட்டோம். அவர் இப்போது பாலங்களைக் கவனித்து வருகிறார்."

பதிவேட்டு அதிகாரி கை தட்டினார். நாங்களும் தட்டினோம்.

"இந்தக் கோள் தன் உயரத்தைச் சற்று இழந்திருந்தது உண்மை. ஆனால் அது மனம் தளரவில்லை. பிறர் உதவியின்றி, தானாகவே, ஒரே நாளில் அரை அங்குலம் உயர்ந்திருக்கிறது. இதே வேகத்தில் போனால் எழுபத்தேழரை லட்சம் ஆண்டுகளில் அது தனக்குரிய முப்பத்தாறாயிரம் கிலோமீட்டரை அடைந்துவிடும் என்று எங்கள் நிபுணர் குழு கணக்கிட்டுள்ளது. அதுவரை இந்த அம்மையார் ஒத்துழைக்க வேண்டுகிறேன்."

"அதுக்குள்ள பள்ளிக்கூடம் திறந்துடும் சார்," என்றாள் தையல்காரி.

அப்போது ஒரு சொட்டுத் தண்ணீர் இயக்குநரின் தாளில் விழுந்தது. இன்னொன்று அவருடைய வழுக்கையில் விழுந்தது. பருவத்துக்கு முந்தின தூறல்.

"சார், இது விழுதா, சுத்துதா?" என்று சைக்கிள் கடைக்காரர் மரியாதையாகக் கேட்டார்.

இயக்குநர் மேலே பார்த்தார். பதில் தெரியாமல் ஓர் இயக்குநர் நிற்க முடியாது. "தரையைத் தொடும் வரை சுற்றுவதாகவே கொள்ள வேண்டும்," என்று சொல்லிவிட்டு, துளி தரையைத் தொடுவதற்கு முன் காருக்குப் போய்விட்டார்.

தூறல் பத்து நிமிடம்தான் பெய்தது. அதற்குள் பன்னிரண்டு வெள்ளைச் சட்டைகள் துருத் தண்ணீரில் பழுப்பேறிவிட்டன. அவள் அவற்றை ஒவ்வொன்றாக உதறி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மடித்து ஓரமாக வைத்தாள். அழவில்லை. பன்னிரண்டையும் மறுபடி வெட்ட வேண்டும், தரையில் மண்டியிட்டு. முழங்காலுக்குத் துணி சுற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். அன்று நான் ஜன்னலைச் சாத்திவிட்டேன். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்க எனக்கே முடியாது.

*

பள்ளி திறக்கப் பதினைந்து நாள் இருந்தது. இருநூற்றைம்பதில் நூற்று நாற்பதுதான் முடிந்திருந்தது. அளவர் இப்போது காலை ஆறு மணிக்கு வந்துகொண்டிருந்தார். தெருவில் பேச்சும் அதே நேரத்துக்கு ஆரம்பித்துக்கொண்டிருந்தது. நல்ல எண்ணத்தோடு, பேச்சு முற்றிவிடக் கூடாதே என்று, நானும் அந்த நேரத்துக்கு அங்கே போய் உட்கார ஆரம்பித்தேன்.

அப்படி ஒரு காலையில் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் தரையில் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தரிக்கோலை நிறுத்திவிட்டு ஏதோ யோசித்தாள்.

"உங்க விதிப் புத்தகத்துல ஓரம் எவ்வளவு விட்டிருக்கு?"

"ஓரமா?"

"எந்தத் துணியை வெட்டினாலும் அளவுக்கு மேல ஓரத்துல கொஞ்சம் விட்டுத்தான் வெட்டணும். இல்லைன்னா தைக்கவே முடியாது. சரியான அளவுல நிக்கிற பொருள் உலகத்துல எதுவும் கிடையாது. எதிர் வீட்டு அக்காவைப் பாருங்க. உங்க கோள் அதோட இடத்தை விட்டு அப்படி இப்படி நகராதா? நகர்ந்தா எவ்வளவு வரைக்கும் தப்பில்லைன்னு எழுதியிருப்பாங்கல்ல?"

அளவர் விதிப் புத்தகத்தில் ஒன்பதாம் பக்கத்தைத் தாண்டினதில்லை. அவருடைய வேலை ஒன்பதாம் பக்கத்தோடு முடிந்துவிடும். கையைத் துடைத்துக்கொண்டு மெதுவாகப் புரட்டினார். முப்பத்தோராம் பக்கத்தில் நின்றார்.

"இருக்கு," என்றார். "நிலாவும் சூரியனும் இழுக்கிறதால கோள் கொஞ்சம் கொஞ்சமா விலகுமாம். அருகிலுள்ள பெரும்பொருள்களின் ஈர்ப்பால் ஏற்படும் இயல்பான விலகல்னு போட்டிருக்கு. அதுக்கு அனுமதி வேண்டாமாம். தாள்ல எழுதினா போதுமாம்."

"எவ்வளவு தூரம் வரைக்கும்?"

அவர் விரலை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தார். இன்னொரு முறை படித்தார்.

"கிழக்கே எழுபது கிலோமீட்டர். மேற்கே எழுபது கிலோமீட்டர்."

அறுபது நாளாக ஓர் அங்குலம் நகர்த்த முடியாமல் அவள் மண்டியிட்டுக்கொண்டிருந்தாள்.

"உங்க ஆபீஸ் எங்க இருக்கு?" என்று கேட்டாள்.

"கிழக்கே," என்றார் அவர். "நானூறு மீட்டர்." "ஆனா ஆள் தொடக்கூடாதும்மா. விதி நாலு."

"கோளைத் தொடக்கூடாது. மேசையைத் தொடக்கூடாதுன்னு இருக்கா?"

அவர் புத்தகம் முழுவதையும் முதல்முறையாகக் கடைசிப் பக்கம் வரை புரட்டினார். மேசை என்ற சொல்லே அதில் இல்லை.

"கீழ இறக்கினா உயரம் குறையுமே," என்று நான் ஒரு சந்தேகத்தைப் போட்டேன்.

"முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் குறைஞ்சதையே 'சற்று'ன்னு எழுதிட்டாங்க அக்கா. இன்னும் மூணு மாடி குறைஞ்சா என்ன எழுதிடப் போறாங்க?"

*

சைக்கிள் கடைக்காரர் மேசைக் கால்களுக்கு நாலு சின்னச் சக்கரம் பொருத்திக் கொடுத்தார். தெருவில் பாதிப் பேர் வந்துவிட்டார்கள். அளவர் பதிவுத்தாளில் 'விலகலின் காரணம்' என்ற இடத்தில் 'அருகிலுள்ள பெரும்பொருள்களின் ஈர்ப்பு' என்று எழுதினார்.

"யாருய்யா இங்க பெரும்பொருள்?" என்று சைக்கிள் கடைக்காரர் கேட்டார். முதலில் மேசையைப் பிடிக்க அவருக்குத்தான் வழி விட்டார்கள். அவருக்கு அடுத்தபடி எனக்கு.

வெளியே வந்துவிட்டால் எல்லாம் சுலபம். கஷ்டம் படிக்கட்டில் இருந்தது. உருண்டை மட்டும் தரையில் பட்டால் தீர்ந்தது கதை: முப்பது வருடத்தில் விழுந்த முதல் கோள் அதுவாகிவிடும், விழ வைத்தவள் தையல்காரி என்றாகிவிடும், அளந்தவர் வேலையும் போய்விடும். ஆறு பேர் மேசையைத் தூக்கினோம். உருண்டையைச் சுற்றி வெட்டாத துணி மூட்டைகளை அணையாகக் கட்டியிருந்தாள். அளவர் முன்னால் பின்பக்கமாக இறங்கிக்கொண்டே, "மெதுவா, மெதுவா, இருபத்தேழு அடி, இருபத்தாறு அடி," என்று சொல்லிக்கொண்டு போனார்.

இரண்டாவது மாடித் திருப்பத்தில் சைக்கிள் கடைக்காரரின் செருப்பு வழுக்கியது. மேசை சாய்ந்தது. மூட்டை ஒன்று நழுவியது. அந்த இடைவெளி வழியாக உருண்டை, அறுபது நாள் அசையாமல் இருந்த உருண்டை, அவசரமே இல்லாமல் ஓரத்தை நோக்கி உருண்டு வந்தது.

அளவர் விதி நாலை மறந்தார். இரண்டு கையாலும் மார்போடு அணைத்துப் பிடித்தார். அதே நேரத்தில் இந்தப் பக்கத்திலிருந்து தையல்காரியும் பிடித்தாள். மேசையை நேராக்க எங்களுக்கு அரை நிமிடம் ஆயிருக்கும். அந்த அரை நிமிடமும் இரண்டு பேரும் இரண்டு பக்கமும் கட்டிப் பிடித்தபடி நின்றார்கள். கோளைத்தான். மேசை நேரான பிறகும் உடனே விடவில்லை என்பதையும் நான் பார்த்தேன்.

"தொட்டுட்டோமே," என்றார் அவர் மெல்ல.

"நாம தொடலை. அது நம்ம மேல வந்துச்சு," என்றாள் அவள்.

அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

தெருவில் இறங்கியதும் மேசை தானாகவே ஓடுகிற மாதிரி ஓடியது. அலுவலகம் திறக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். பதிவேட்டு அதிகாரி அப்போதுதான் பேனாவுக்கு மை போட்டுக்கொண்டிருந்தார்.

"இது எப்படி இங்க வந்துச்சு?"

"இயல்பான விலகல் சார்," என்று அளவர் தாளை நீட்டினார். "கிழக்கே நானூறு மீட்டர். வரம்புக்குள்ளதான் இருக்கு."

அவர் படித்தார். முப்பத்தோராம் பக்கத்தையும் படித்தார். அவருடைய முகத்தில் ஒரு கலம் காலியாக இருப்பது தெரிந்தது. அதற்குள் நாங்கள் மேசையை உள்ளறைக்குள் தள்ளிவிட்டோம். இயக்குநரின் மேசை நாலு விரல் தாழ்வாக இருந்தது. தையல்காரி தன் மேசையை அதோடு ஒட்டி நிறுத்தி, பின்பக்கக் கால்கள் இரண்டுக்கும் கீழே, அந்தப் பழுப்பேறின பன்னிரண்டு சட்டைகளையும் மடித்து முட்டுக் கொடுத்தாள். மூட்டைகளை எடுத்தாள்.

"யாரும் தொடாதீங்க," என்றாள். "பூமி பாத்துக்கும்."

பூமி பார்த்துக்கொண்டது. உருண்டை நிதானமாக உருண்டு இயக்குநரின் மேசைக்குப் போய், அவருடைய பேனாத் தட்டில் இடித்து நின்றது. இயக்குநர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"இதை உடனே அப்புறப்படுத்துங்கள்."

"ஆள் தொடக்கூடாது சார்," என்று பதிவேட்டு அதிகாரி பழக்க தோஷத்தில் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் அவருக்கே புரிந்தது. இயக்குநர் மேலே, கான்கிரீட் கூரையைப் பார்த்தார். விதி பன்னிரண்டு எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது.

*

அன்று மத்தியானமே தையல்காரியின் கூரைக்குத் தகரம் போட்டாகிவிட்டது. மிஷின் சமையலறையை விட்டு வெளியே வந்தது. பள்ளி திறப்பதற்கு முந்தின நாள் சாயங்காலம் இருநூற்றைம்பதும் போய்ச் சேர்ந்தது. எண்ணி வாங்கின தலைமையாசிரியை, ஒரு சட்டையில் பொத்தான் மற்றதைவிட அழுத்தமாகத் தைக்கப்பட்டிருப்பதாகச் சொன்னாராம். யார் தைத்தது என்று எனக்குத் தெரியும். ஒல்லியான கை, இப்போதுதான் பழகுகிறது.

இயக்குநரின் அறையில் மழைக்காலத்தின் நடுவில்தான் கூரையை உடைத்து முடித்தார்கள். விசிறி போடக் கூடாது, சூடாக எதுவும் குடிக்கக் கூடாது. தினமும் நாலு நிமிடம் முன்னதாகக் கதவைத் திறந்துவிட வேண்டும், சாவி பதிவேட்டு அதிகாரியிடம்தான் இருக்கிறது. அவர் ஐந்து மணிக்கு, நாலு மணிக்கு, பிறகு கொட்டுகிற மழையில் இரண்டு மணிக்குக் குடையோடு போய்த் திறந்தார். கடைசியில் இடமாற்றம் கேட்டு எழுதினார். அவர் கேட்ட ஊர் அறுபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி இருந்தது. வரம்புக்குள் இருப்பதால் அதை இயல்பான விலகலாகவே கருத வேண்டும், தனி உத்தரவு தேவையில்லை என்று பதில் வந்தது. உத்தரவு இல்லாமல் போக முடியாது என்பதால் இங்கேயே இருக்கிறார். இயக்குநருக்கு விருது கொடுத்து மேலிடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அவருடைய மகள் பாலம் பார்க்கிற அந்தப் பழைய அதிகாரியின் மகனைக் கட்டிக்கொண்டாள். சம்பந்திகள் இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை.

அளவரும் தையல்காரியும் கல்யாணம் செய்துகொண்டார்கள். தேதி குறிப்பதில் சிரமமிருக்கவில்லை. அளவு நேரம் எந்த நாளில் கல்யாணத்துக்குத் தோதாக வருகிறது என்று மட்டும் பார்த்தார்கள். இருவரும் தெருவைவிட்டுப் போய்விட்டார்கள். கீழ்த்தளத்தில் வீடு பார்த்திருக்கிறாள், மேலே இரண்டு மாடி கான்கிரீட். எது வந்தாலும் முதலில் மற்றவர்கள் மேசையில் விழட்டும் என்கிறாள்.

நல்ல பிள்ளைகள். எங்கே போயிருக்கிறார்கள் என்று என்னிடம் அவர்கள் சொல்லவில்லை. நானே விசாரித்துத் தெரிந்துகொண்டேன். இங்கிருந்து ஆறு கிலோமீட்டர்தான். வரம்புக்குள்தான் இருக்கிறது. வாரத்துக்கு ஒரு சுற்று போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.